அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ஆண் ஒருவர் தேவை

ஒரு நாட்டில் வயதானவர்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இரண்டு வழிகள் உண்டு. ஏதாவது ஒரு வீட்டு மணியை அடித்து, கதவைத் திறக்கிறவர் யார் என்று பார்ப்பது ஒரு வழி. ஆய்வு நிலையம் தொடங்குவது இன்னொரு வழி. ஜெர்மனியில் உள்ள எங்கள் ஓல்டன்புர்க் நகரம் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது.

நிலையத்தின் முழுப்பெயர் ‘குடும்பம், உழைப்பு, பராமரிப்பு ஆகியவற்றுக்கு இடையிலான உறவுகளுக்கான வட்டார ஆய்வு நிலையம்’. சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் நாங்கள் ‘நிலையம்’ என்று மட்டும் சொல்வோம். அதன் தலைவி பேராசிரியர் ஹென்ரிகே டாமன். இரண்டு டாக்டர் பட்டங்கள் வாங்கியவர். மழைக்கோட்டைக் கூட அகர வரிசைப்படி மாட்டி வைப்பார் என்று ஊரில் பேச்சு. அது எப்படி முடியும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் விளக்கிவிடுவார் என்ற பயம்.

அந்த ஆண்டு நிலையத்துக்கு ஒரு பெரிய ஆய்வு கிடைத்தது. வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டில் பெற்றோரையும் பராமரிக்கிற ஆண்களைப் பற்றிய ஆய்வு. ஒப்பிட்டுப் பார்க்கப் பெண்களும் வேண்டும். பெண்களைச் சேர்க்கும் பணி ஒரே காலையில் முடிந்தது. மருந்துக்கடை வாசலில் ஒரு மேசை போட்டார்கள். முதியோருக்கான மருந்து வாங்க வந்த பெண்களே வரிசையில் நின்று பெயர் கொடுத்துவிட்டார்கள். ஆண்களுக்கும் ஒரு மேசை போட்டார்கள். அங்கே இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கழிப்பறை எங்கே என்று கேட்டார். இன்னொருவர் தன் மனைவியைத் தேடி வந்தவர்.

நிலையம் கவலையில் ஆழ்ந்தது. ஆய்வாளர் கூட்டத்தில் பேராசிரியர் சொன்னார்: “ஆண்கள் கிடைக்கலைன்னா ஆண்கள் இல்லைன்னு அர்த்தமில்ல. நாம கேக்கிற விதம் சரியில்லைன்னு அர்த்தம்.”

“இல்லைன்னும் அர்த்தம் இருக்கலாமே, புரொபசர்?” என்றான் ஃபோல்கர்ட். முப்பது வயது ஆய்வாளன். அவனுடைய வேலை ஒப்பந்தம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் காலாவதியாகி, ஜனவரியில் உயிர்த்தெழும். அதனால் அவன் எதையும் கேள்வியாகத்தான் சொல்வான்.

“அது ஒரு முடிவு, ஃபோல்கர்ட். முடிவை ஆய்வுக்கு முன்னாடி சொல்லக் கூடாது.”

கேட்கும் விதத்தை மாற்றினார்கள். ‘நீங்கள் உங்கள் பெற்றோரைப் பராமரிக்கிறீர்களா?’ என்பதற்குப் பதிலாக, ‘பராமரிப்பு தேவைப்படும் பெற்றோருடன் ஒரே முகவரியில் வசிக்கிறீர்களா?’ என்று கேட்டார்கள். உடனே ஒருவர் கிடைத்தார்.

அவர் பெயர் எக்கார்ட் ப்ரூனிங். எங்கள் தெருக்காரர். குடிநீர் வாரியத்தில் குழாய் வரைபடம் போடுகிறவர், விவாகரத்தானவர், நல்ல மனிதர். குப்பைத் தொட்டியைத் தவறான நாளில் வெளியே வைத்தால்கூட நம்மிடம் மென்மையாகத்தான் சொல்வார். அவருடைய அம்மா கெர்லிண்டேவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அந்த இலையுதிர்காலத்தில் ஈர இலையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு படுக்கையில் இருந்தார். எக்கார்ட் அதே வீட்டு மாடியில் குடியிருந்தார். இரண்டு தெரு தள்ளி இருந்த அவருடைய அக்கா வீப்கே, மருந்துக்கடை வேலையைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டு, தினமும் காலையிலும் மாலையிலும் சைக்கிளில் வந்து அம்மாவை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, சமைத்து வைத்துவிட்டுப் போனாள். ஆனால் அவள் முகவரி வேறு.

பேராசிரியரே நேரில் வந்தார். கூடவே ஃபோல்கர்டும் ஒலிப்பதிவுக் கருவியும். அம்மாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலிகளைப் போட்டார்கள்.

“அம்மாவை யார் குளிப்பாட்டுறது, திரு. ப்ரூனிங்?”

“நாங்க.”

“நாங்கன்னா?”

“நானும் அக்காவும்.”

“அதுல உங்க பங்கு?”

எக்கார்ட் யோசித்தார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. “நான் குளியலறை ஹீட்டரைத் திருகி வைப்பேன். அம்மாவுக்குக் குளிர் ஆகாது.”

பேராசிரியர் ஃபோல்கர்ட் பக்கம் திரும்பினார். “எழுதிக்கோ. குளியலறையின் வெப்பச் சூழலை நிர்வகிக்கிறார்.”

“சமையல்?”

“அக்கா கொண்டுவந்து வைப்பா. நான் ருசி பார்ப்பேன். உப்பு கூடிடக் கூடாதில்ல, அம்மாவுக்கு பிரஷர்.”

“உணவுத் தரக்கட்டுப்பாடு” என்றார் பேராசிரியர். அவர் குரல் லேசாக நடுங்கியது. இத்தனை நாள் தேடிய ஆள் கண்முன் உட்கார்ந்திருக்கிறார் அல்லவா.

கட்டிலிலிருந்து கெர்லிண்டே பேசினார்: “நானும் இங்கேதான் இருக்கேன். என்கிட்டயும் ரெண்டு வார்த்தை கேட்கலாம்.”

“மன்னிக்கணும், ப்ரூனிங் அம்மா. இந்த ஆய்வுல நீங்க பராமரிக்கப்படும் பொருள். பொருள்கிட்ட கேட்கிற ஆய்வு வேற. அது பக்கத்துக் கட்டடத்துல நடக்குது.”

“எழுந்து நடக்க முடிஞ்சா நானே அங்க போயிருப்பேனே.”

அப்போது வீப்கே நனைந்த படுக்கை விரிப்புகளைச் சுருட்டி அணைத்தபடி அறைக்குள் வந்தாள். பேராசிரியர் கையைத் தூக்கினார். “கொஞ்சம் வெளியே இருங்க. மூணாவது ஆள் இருந்தா பதில் மாறிடும்.”

“மாறினா நல்லதுதானே” என்றாள் வீப்கே. “என்னையும் ஆய்வுல சேர்த்துக்கலாமா? நானும் வேலைக்குப் போறேன். அம்மாவையும் பார்த்துக்கிறேன்.”

“பெண்கள் நிரம்பிட்டாங்க.”

“பஸ் மாதிரியா?”

“புள்ளியியல்ல அப்படித்தான்” என்றார் பேராசிரியர் வருத்தத்தோடு. வீப்கே சலவை இயந்திரத்துக்குப் போனாள். ஆய்வறிக்கையில் அவளுக்கும் ஓர் இடம் கிடைக்காமல் போகவில்லை. ‘பராமரிக்கும் ஆணுக்கு அமைந்துள்ள ஆதரவுச் சூழல்’ என்ற தலைப்பின் கீழ், நல்ல மெத்தைக்கும் குளியலறைச் சுவர்க் கைப்பிடிக்கும் நடுவே அவள் இருந்தாள்.

முதல் முடிவுகள் வசந்த காலத்தில் வெளிவந்தன. பராமரிக்கும் பெண்கள் களைத்திருக்கிறார்கள், தூக்கமில்லை, முதுகு வலிக்கிறது, சம்பளம் குறைந்துவிட்டது. பராமரிக்கும் ஆண்களுக்கு இவற்றில் எதுவுமே இல்லை. ‘ஆண்கள்’ என்று பன்மையில்தான் அச்சிட்டிருந்தார்கள். ஒருவர்தானே என்று ஃபோல்கர்ட் தயங்கியபோது, பூஜ்யத்தோடு ஒப்பிட்டால் ஒன்று என்பது எல்லையற்ற பெருக்கம் என்று பேராசிரியர் விளக்கினார். ஆகவே பராமரிப்பதில் சிரமம் இல்லை, பராமரிக்கும் முறையில்தான் சிரமம் என்ற உண்மை உலகுக்குத் தெரியவந்தது. ஆண்களின் முறையைப் பெண்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள்.

பத்திரிகையில் எக்கார்டின் படம் வந்தது. ஏப்ரன் கட்டி, கையில் கரண்டியோடு. ஏப்ரன் வீப்கேயுடையது. கரண்டியைப் புகைப்படக்காரர் கொண்டுவந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஊர் ஊராக இல்லை. குடிநீர் வாரிய இயக்குநர் எக்கார்டை அறைக்கு அழைத்து, ‘குடும்பத்துக்கு இணக்கமான பணியிடம்’ என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கிறது, அதற்கு அவர்தான் காரணம் என்று கைகுலுக்கினார். வெள்ளிக்கிழமைகளில் சம்பளத்தோடு விடுப்பு. அம்மாவைப் பற்றிப் பிற நகரங்களில் பேசிவிட்டு வர. மருந்துக்கடையில் வீப்கே ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு கேட்டாள். “உங்க தம்பிதான் பார்த்துக்கிறாரே” என்றார் முதலாளி. அவரும் பத்திரிகை படிக்கிறவர்.

ஆண்கள் மத்தியில் அது ஒரு நாகரிகமாகிவிட்டது. வியாழக்கிழமைகளில் மதுக்கூடத்தில் ‘மகன்கள் வட்டம்’ கூடியது. பராமரிப்பின் மனச்சுமையைப் பற்றி இரண்டு பியர் வரை பேசுவார்கள். மூன்றாவது பியரில் கால்பந்து. நீண்ட பைகள் தைத்த ஒரு பழுப்பு நிறச் சட்டை வந்தது, ‘பராமரிப்பாளர் சட்டை’ என்று. பைகளில் மாத்திரை வைக்கலாம், கைக்குட்டை வைக்கலாம். பெரும்பாலானோர் கைப்பேசி வைத்தார்கள். சனிக்கிழமைச் சந்தையில் சக்கர நாற்காலியில் அம்மாவைத் தள்ளிக்கொண்டு போகாத ஆணை மக்கள் ஏற இறங்கப் பார்த்தார்கள். அம்மாவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறதே என்பதெல்லாம் ஒரு சாக்காக எடுபடவில்லை. எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு வழக்கறிஞர், தினமும் ஏரியில் நீந்துகிற தன் தாயாரை வாடகை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். மீன் கடை வரும்வரை அந்த அம்மா பொறுத்துப் பார்த்தார். அப்புறம் இறங்கி, “நீதான்டா மூச்சு வாங்குறே, உட்காரு” என்று மகனை வைத்துத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

கெர்லிண்டே இதற்குள் எழுந்துவிட்டார். நாலு சக்கர நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை வருவார். அதற்கு வீப்கேயின் கைகளும் பயிற்சியும்தான் காரணம். தினமும் அம்மாவை அணைத்துத் தூக்கி, நிறுத்தி, இரண்டு அடி, மூன்று அடி என்று நடக்க வைத்தாள்.

ஜூன் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, குளியல் தொட்டியிலிருந்து அம்மாவைத் தூக்கும்போது வீப்கேயின் முதுகில் ஏதோ சடக்கென்றது. அம்மாவை விடாமல் நாற்காலியில் உட்கார வைத்தாள். பிறகுதான் தரையில் விழுந்தாள். அந்த நேரத்தில் எக்கார்ட் ஹானோவரில் மேடையில் இருந்தார். ‘முதுகுக்குச் சேதமில்லாமல் தாயைத் தூக்குவது எப்படி’ என்பது தலைப்பு. நல்ல கூட்டம்.

டாக்டர் வந்து ஊசி போட்டு, பல வாரம் படுக்கையை விட்டு எழக் கூடாது என்றார். வீப்கேயின் கணவர் இறந்து வெகுகாலம் ஆகிவிட்டது. மகள் கனடாவில். அவளை அம்மா வீட்டுக் கூடத்திலேயே சோபாவை விரித்துப் படுக்க வைத்தார்கள். இப்போது வீட்டில் இரண்டு பெண்கள். எண்பது தாண்டியவர் நடமாடினார், ஐம்பத்தெட்டு வயதுக்காரி படுத்திருந்தாள்.

கெர்லிண்டே நகராட்சியின் வீட்டு உதவிப் பிரிவுக்குப் போன் செய்தார்.

“முகவரி?” என்று கேட்டது ஒரு குரல். சொன்னார். கொஞ்ச நேரம் தட்டச்சு ஓசை.

“அம்மா, அந்த முகவரியில பராமரிக்கும் ஆண் ஒருத்தர் இருக்காரே. பேப்பர்ல கூட வந்துச்சு.”

“அவன் இப்போ ஹாம்பர்க்ல பேசிட்டிருக்கான்.”

“எதைப் பத்தி?”

“பராமரிப்பைப் பத்தி.”

“பாருங்க, எவ்வளவு அக்கறை. இப்படி ஒருத்தர் இருக்கிற வீட்டுக்கு நாங்க ஆள் அனுப்பினா, யாரும் இல்லாத வீட்டுக்கு யாரை அனுப்புறது?”

அடுத்து அவர் நிலையத்துக்குப் போன் செய்தார். பேராசிரியர் உடனே பேசினார். அனுதாபத்தோடு கேட்டார். “உதவி செய்ய எனக்கும் ஆசைதான், ப்ரூனிங் அம்மா. ஆனா நாங்க உதவினா நிலைமை மாறிடும். நிலைமை மாறினா முடிவு கெட்டுடும்.”

“எந்த முடிவு?”

“நிலைமையைப் பத்தின முடிவு. வேணும்னா ஃபோல்கர்டை அனுப்புறேன். பராமரிக்கும் ஆண் இல்லாத நேரத்துல அவரோட பராமரிப்பு எப்படி நடக்குதுன்னு பார்ப்பான். அருமையான வாய்ப்பு இது.”

ஃபோல்கர்ட் வந்தான். கூடத்தின் மூலையில் ஒரு நாற்காலியில், மடியில் கணினியோடு உட்கார்ந்தான். கெர்லிண்டே நடைவண்டியின் தட்டில் ஒரு கிண்ணம் சூப்பை வைத்துச் சமையலறையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். கம்பளத்தின் ஓரம் தட்டியது. சூப்பில் பாதி தட்டில் சிந்தியது. ஃபோல்கர்ட் ஏதோ தட்டினான்.

“நீ என்ன பண்றேப்பா?”

“பார்க்கிறேன்.”

“பார்த்து?”

“தலையிடாம பார்க்கணும், ப்ரூனிங் அம்மா. அதுதான் முறை.”

“சூப் சிந்துனதை எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“எந்தப் பக்கமா சிந்துச்சுன்னும் எழுதிக்கோ. பின்னாடி யாராவது கேட்பாங்க.”

சோபாவிலிருந்து வீப்கே சிரிக்கப் பார்த்தாள். முதுகு விடவில்லை. “அம்மா, சும்மா இரும்மா. அவன் வேலையை அவன் பார்க்கட்டும்.”

“அவன் வேலையே பார்க்கிறதுதான்னு இப்பத்தான் தெரிஞ்சுது.”

இரண்டு கரண்டி குடித்த பிறகு வீப்கேயின் முகம் மாறியது. மெதுவாக அம்மாவிடம் ஏதோ சொன்னாள். கழிப்பறைக்குப் போக வேண்டும். கெர்லிண்டே நடைவண்டியை நிறுத்திவிட்டு மகளின் தோளுக்குக் கீழே கைகொடுத்தார். தூக்க முடியவில்லை. மறுபடி முயன்றார். அவருடைய கால்களே ஆட ஆரம்பித்தன. வீப்கே உதட்டைக் கடித்துக்கொண்டு, “விடும்மா, நீயும் விழுந்துடுவே. பரவாயில்ல, விடு” என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். வலியால் வந்ததா, வெட்கத்தால் வந்ததா தெரியாது.

ஃபோல்கர்ட் கணினியை மூடினான். எழுந்து வந்தான்.

“எங்க பிடிக்கணும்?” என்று கேட்டான்.

“எழுதுறவனுக்குத் தெரியாதா?” என்றார் கெர்லிண்டே. ஆனால் குரலில் கேலி இல்லை. “ஒரு கை முதுகுக்குக் கீழ. இன்னொண்ணு முழங்காலுக்குக் கீழ. இழுக்காதே. உன்னோட சேர்த்து அணைச்சு எழுப்பு.”

ஐந்து ஆண்டுகளாகப் பராமரிப்பைப் பற்றி எழுதிவந்தவன் அவன். ஒரு மனித உடல் இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. வீப்கே அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அடி அடியாகப் போனார்கள். கதவுக்கு வெளியே நின்றபோது அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

மறுநாளும் வந்தான். கணினியைக் கொண்டுவந்தான், திறக்கவில்லை. உருளைக்கிழங்கு உரித்தான், தடித்தடியாக. “நீ தோலை வேக வைக்கப் போறியா, கிழங்கையா?” என்று கெர்லிண்டே கேட்டார். அதற்கடுத்த வாரம் மெல்லியதாக உரித்தான். வீப்கேயைத் திருப்பிப் படுக்க வைக்கவும், தலை வாரிவிடவும் கற்றுக்கொண்டான். இவர்கள் வீட்டில் நாலு மணிக்கு டீ கண்டிப்பாக உண்டு. கற்கண்டைப் போட்டு, டீயை ஊற்றி, மேலே பாலேடு விட்டு, கலக்காமல் குடிக்க வேண்டும். அவன் கலக்கிவிட்டான். அதை மட்டும் கெர்லிண்டே அவனுக்குக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

ஆண்டு விடுப்பையும் சேர்த்துப் போட்டு ஹாம்பர்க், பிரேமன், கீல் என்று சுற்றிவிட்டு எக்கார்ட் வந்தபோது, சமையலறையில் ஏப்ரன் கட்டிய வேறொரு ஆண் நின்றான்.

“இங்க என்ன பண்றீங்க?”

“பராமரிக்கிறேன்” என்றான் ஃபோல்கர்ட். சொன்னபிறகு அவனுக்கே திகைப்பாக இருந்தது.

“இது என்னோட ஆய்வு” என்றார் எக்கார்ட். கோபமாகச் சொல்லவில்லை. காயப்பட்டுச் சொன்னார்.

“ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க” என்றார் கெர்லிண்டே. “ஒருத்தன் கிழங்கு உரிக்கட்டும், ஒருத்தன் மேடையில பேசட்டும். வேலைப் பங்கீடுன்னு இதைத்தான் சொல்றாங்க போல.”

எக்கார்ட் சோபாவைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். “ரொம்ப வலிக்குதாக்கா?” என்று கேட்டார்.

“நீ ஹானோவர்ல சொன்ன மாதிரி தூக்கியிருந்தா வலிச்சிருக்காது” என்றாள் வீப்கே.

ஃபோல்கர்ட் நேர்மையானவன். நடந்ததைப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னான். விதியை மீறிவிட்டேன், தலையிட்டுவிட்டேன், வேண்டுமானால் என்னை நீக்கிவிடுங்கள் என்றான். பேராசிரியர் புது ஆய்வுப் படிவம் ஒன்றை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

“ஃபோல்கர்ட், நீ ஆண்தானே?”

“ஆமாம்.”

“வேலையில இருக்கே.”

“டிசம்பர் வரைக்கும்.”

“வயசான பெண்ணும், நோயுற்ற பெண்ணும் இருக்கிற வீட்டுல பராமரிக்கிறே.”

“ஆனா நான் அவங்க குடும்பம் இல்லையே?”

“குடும்பம்னா என்னன்னு தீர்மானிக்கிற நிலையம் இது” என்றார் பேராசிரியர். அவர் கண்கள் மின்னின. “தேர்ந்துகொண்ட குடும்பம்னு ஒரு வகை சேர்த்துடலாம். ஃபோல்கர்ட், நமக்கு ரெண்டாவது ஆண் கிடைச்சிட்டார்.”

இரண்டாம் அறிக்கை கோடையின் கடைசியில் நகர மண்டபத்தில் வெளியிடப்பட்டது. ‘ஓல்டன்புர்க்கில் பராமரிக்கும் ஆண்களின் எண்ணிக்கை ஒரே ஆண்டில் நூறு சதவீத உயர்வு.’ அமைச்சகத்திலிருந்து டாக்டர் கோஸெவிங்கல் என்ற அதிகாரி வந்திருந்தார். மெல்லிய கண்ணாடி, தெளிவான குரல். திரையில் ஒரு கோடு வரைந்து காட்டினார். ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு. இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு. இதே வேகத்தில் போனால் பதினேழாவது ஆண்டு முடிவதற்குள், நகரில் இருக்கும் ஆண்களைவிடப் பராமரிக்கும் ஆண்கள் அதிகமாகிவிடுவார்கள். உபரியை அண்டை மாநிலங்களுக்கு அனுப்புவது பற்றி இப்போதே யோசிக்க வேண்டும்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மகன்கள் வட்டம் முன்வரிசையில், பழுப்புச் சட்டையில். எக்கார்டும் ஃபோல்கர்டும் மேடையில் நின்றார்கள். எக்கார்ட் ஏனோ அன்றைக்கு நிமிரவே இல்லை.

அரசு எதையும் பாதியில் விடாது. ஆண்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்பது உறுதியான பிறகு, வீட்டு உதவிப் பிரிவுக்குச் செலவு செய்வதில் பொருளில்லை. அக்டோபரில் மாநிலம் முழுவதும் அதை மூடினார்கள். பராமரிப்புப் பிரச்சினை தீர்ந்துவிட்ட நிலையில் அதை ஆராய்வதிலும் பொருளில்லை. டிசம்பரில் நிலையத்தை மூடினார்கள். ஃபோல்கர்டின் ஒப்பந்தம் வழக்கம்போல் காலாவதியானது. இந்த முறை ஜனவரியில் உயிர்த்தெழவில்லை. வேலையில்லாததால் அவன் ‘வேலை செய்துகொண்டே பராமரிக்கும் ஆண்’ என்ற வகையிலிருந்தும் விழுந்தான். எண்ண ஆளில்லாததால், விழுந்தது யாருக்கும் தெரியவில்லை.

பேராசிரியருக்கு ஔரிஷ் ஊரில் ஒரு தாயார் இருந்தார். அவரைக் கவனிக்க வந்துகொண்டிருந்த வீட்டு உதவிப் பெண்ணும் அக்டோபரோடு நின்றுவிட்டாள். பேராசிரியருக்கு ஒரு தம்பி உண்டு. பழுப்புச் சட்டை வைத்திருந்தார். அவர் அக்காவுக்குப் போன் செய்து, “நீதான் இதுல நிபுணராச்சே” என்றார். பேராசிரியர் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஔரிஷ் போனார். போன முதல் வாரத்திலேயே கெர்லிண்டேயைப் போனில் கூப்பிட்டார்.

“ப்ரூனிங் அம்மா, தொட்டியிலேருந்து தூக்கும்போது எங்க பிடிக்கணும்?”

கெர்லிண்டே பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். முடித்துவிட்டு, “பொருள்கிட்ட கேட்கிற ஆய்வு பக்கத்துக் கட்டடத்துலன்னீங்களே” என்றார்.

“அதையும் மூடிட்டாங்க” என்றார் பேராசிரியர்.

வீப்கேயின் முதுகு மெல்லச் சரியானது. மருத்துவக் காப்பீட்டில் அவளுக்கு மூன்று வாரம் நோர்டர்னை தீவில் கடற்காற்றுச் சிகிச்சை கிடைத்தது. அவள் தயங்கினாள். “போடி” என்றார் அம்மா. படகேறிப் போனாள். அங்கிருந்து முதல் நாள் மூன்று முறை போன் செய்தாள், இரண்டாம் நாள் ஒரு முறை. அப்புறம் ஒரு படம் மட்டும் அனுப்பினாள். மணலில் அவளுடைய வெறுங்கால்கள்.

அந்த மூன்று வாரமும் எக்கார்ட்தான். வேறு வழியில்லை. ஃபோல்கர்ட் பகலில் வேலை தேடப் போய்விட்டு மாலையில்தான் வருவான். முதல் நாள் குளியலறையில் எக்கார்ட் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். தன் தாயின் முதுகை அவர் பார்த்ததே இல்லை.

“என்னடா யோசனை?”

“கூச்சமா இருக்கும்மா.”

“உன்னைக் குளிப்பாட்டுன எனக்கு வராத கூச்சமா? தேய். மேல இல்ல, நடுவுல.”

அவர் தேய்த்தார். தோல் காகிதம்போல இருந்தது. அழுத்தினால் வலிக்குமோ என்று பயந்தார். கெர்லிண்டே கண்ணை மூடிக்கொண்டு, “பரவாயில்லையே, உனக்கும் கை இருக்கே” என்றார். வீப்கே திரும்பி வந்த பிறகும் எக்கார்ட் விடவில்லை. காலை அவருடையது, மாலை அக்காவுடையது என்று பிரித்துக்கொண்டார்கள். சொற்பொழிவுக்கு அழைப்பு வந்தால் நேரமில்லை என்று எழுதிவிடுவார். வெள்ளிக்கிழமை விடுப்பைக் குடிநீர் வாரியம் நிறுத்திவிட்டது. அது பேசப் போவதற்கான விடுப்பாம், பராமரிக்கப் போவதற்கு அல்ல.

இப்படியாக ஓல்டன்புர்க்கில் மெய்யாகவே ஆண்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய காலத்தில், அதை எண்ண யாரும் இல்லை. ஆனால் எண் இல்லாமல் அரசு இருக்க முடியுமா? அடுத்த கோடையில் அமைச்சகம், கோஸெவிங்கல் வரைந்த கோட்டைப் பார்த்து எண்ணை அறிவித்துவிட்டது. திட்டமிட்டபடியே நான்கு. மறுபடியும் இரட்டிப்பு. பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டது.

அன்று காலை எங்கள் தெருவில் எல்லா ஆண்களும் காலையுணவு மேசையில் அதை உரக்கப் படித்தோம். நானும் படித்தேன். “பார்த்தியா, நம்ம ஊர்ல நாலு பேராம்” என்றேன்.

என் மனைவி, மாடியில் படுத்திருக்கும் என் அம்மாவுக்காக ரொட்டியின் ஓரங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், “ரெண்டு பேர் ப்ரூனிங் வீட்டுல. மத்த ரெண்டு பேர் யாரு?” என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, சன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரரை மரியாதையோடு பார்த்தேன். அவர் அதே நேரத்தில் தன் சன்னலில் நின்று, அதே மரியாதையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.